காடோடிக்குப் பிரசவம்

ஆபீசில் அவளுக்கு அம்புக்குறி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் கோப்பில் எங்கோ தூங்கிக்கொண்டிருந்தது. பொம்மைக் கம்பெனியில் அவளுடைய வேலை, பெட்டிக்குள் மடித்து வைக்கிற செய்முறைத் தாளுக்குப் படம் வரைவது. பொம்மைகள் பல தேசங்களுக்குப் போகின்றன. ஒவ்வொரு பாஷையிலும் எழுதினால் தாள் போர்வை அளவுக்கு வந்துவிடும் என்று கம்பெனி எழுத்தையே தூக்கிவிட்டது. வெறும் படம், வெறும் அம்பு. இழு என்றால் நேர் அம்பு, திருப்பு என்றால் வளைந்த அம்பு, அமுக்கு என்றால் குட்டையாக, தடியாக ஓர் அம்பு. முனை கொஞ்சம் தள்ளிப்போனாலும் எங்கோ ஒரு தகப்பன் ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தரையில் உட்கார்ந்து தலையைப் பிய்த்துக்கொள்வான் என்று அவளுக்குத் தெரியும். முகம் தெரியாத அந்தத் தகப்பனுக்காகத்தான் அவள் வரைந்தாள்.

இதுவரை எந்தப் பொம்மையும் அவளை மடக்கியதில்லை. காடோடி வந்து மடக்கியது.

காடோடி ஒரு ரோபோ. நின்றால் ஒரு சாண் உயரம், அகலமான தோள், கோபமான புருவம். கையை மடக்கி, தலையை உள்ளே தள்ளி, இடுப்பைத் திருப்பி, காலைப் பின்பக்கம் மடித்தால் ஜீப். சாதாரண ஜீப் அல்ல. சேற்றிலும் பாறையிலும் ஏறுகிற ஜாதி. முரட்டு டயர், மேலே சாமான் கட்டுகிற கம்பி, முன்னால் கொக்கி, முதுகில் ஸ்டெப்னி டயர். ரோபோவை ஜீப்பாக்குவது சுலபம். முதல் பத்துப் படத்தை அவள் ஒரே மூச்சில் வரைந்துவிட்டாள். ஜீப்பை மறுபடி ரோபோவாக்குவதில்தான் வம்பு. இடுப்பு திரும்ப மறுத்தது. நல்ல வார்த்தை சொல்லிப் பார்த்தாள், கெட்ட வார்த்தை சொல்லிப் பார்த்தாள். பக்கத்து மேஜைக்காரர் வாங்கித் திருகி, கட்டை விரலில் பிளாஸ்டர் போட்டுக்கொண்டதுதான் மிச்சம்.

"இதைச் செஞ்சவரையே கேளுங்க" என்றார் மேலாளர்.

செய்தவர் மாடியில் இருந்தார். அவரை எல்லோரும் டிக் என்பார்கள். அவர் வடிவமைக்கிற எதுவும் கடைசியில் 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டுப் பூட்டிக்கொள்ள வேண்டும். அந்தச் சத்தம் வராதவரை வேலை முடிந்ததாக ஒத்துக்கொள்ள மாட்டார். நாற்பதை நெருங்குகிற ஆள், ஒல்லி, சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் மூன்று குட்டி ஸ்குரூ டிரைவர். பேச்சு ரொம்பக் கம்மி. மீட்டிங்கில் அவர் வாயைத் திறந்தால் ஜன்னலைச் சாத்தச் சொல்கிறார் என்று அர்த்தம்.

அவர் அவள் மேஜைக்கு இறங்கி வந்து ஜீப்பை வாங்கினார். சர், டக், டிக். காடோடி எழுந்து நின்றது.

"என்ன சார் பண்ணினீங்க?"

"திருப்பினேன்."

"மெதுவா திருப்புங்க. நான் பார்க்கணும்."

மெதுவாகத் திருப்பினார். சிக்கிக்கொண்டது. அவர் முகம் மாறியது. மறுபடி முயன்றார். அதைப் பெற்றெடுத்த மனிதனின் கையிலேயே அது கல் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"வேகமா பண்ணுங்க."

சர், டக், டிக்.

"மெதுவா."

கல்.

அம்புக்குறிக்கு உதடு துடிக்க ஆரம்பித்தது. அவளிடம் இருந்த ஒரே பெரிய குறை இதுதான்: சிரிப்பு வந்தால் நிறுத்தத் தெரியாது. உதட்டைக் கடித்துப் பார்த்தாள், ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அந்த மனிதர் பரிதாபமாக நிமிர்ந்து, "நான் யோசிச்சா வரமாட்டேங்குது மேடம்" என்றார். அவ்வளவுதான். மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். பென்சில்கள் உருண்டு கீழே விழுந்தன. அவர் ஒரு நிமிடம் திகைத்து நின்றார். பிறகு குனிந்து பென்சில்களைப் பொறுக்க ஆரம்பித்தார். மேஜைக்கு அடியிலிருந்து ஒரு வினோதமான சத்தம் வந்தது. அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து அந்தக் கட்டிடத்தில் யாரும் கேட்டதில்லை. துருப்பிடித்த கேட்டைத் திறக்கிற மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் அவர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். போனில் படம் பிடித்துப் பார்த்தார்கள். அவர் உள்ளங்கையே எல்லாவற்றையும் மறைத்தது. கண்ணாடி மேஜைக்கு அடியில் அவள் மல்லாந்து படுத்துக்கொண்டு பார்த்தாள்; அவருடைய மூக்குத் துவாரம்தான் தெளிவாகத் தெரிந்தது. அதைச் சொல்லி இன்னொரு முறை சிரித்தார்கள். மேலாளர் கதவருகில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

கடைசியில் அவளுக்குத்தான் ஒரு யோசனை வந்தது. போஸ்டர் கலர் புட்டிகளை வரிசையாக வைத்தாள்.

"கையைக் குடுங்க சார்."

"எதுக்கு?"

"குடுங்களேன்."

ஒவ்வொரு விரல் நுனியிலும் ஒரு கலர் பூசினாள். வலது கட்டை விரலுக்குச் சிவப்பு, ஆள்காட்டி விரலுக்கு நீலம். இப்படியே ஒவ்வொன்றாகப் பூசி, இடது சுண்டு விரலுக்கு வந்தபோது மிச்சமிருந்தது மஞ்சள்தான். பிரஷ் பட்டதும் அவர் நெளிந்தார்.

"கூச்சமா?"

"இல்லை."

"பொய்."

"கொஞ்சம்."

வெள்ளை நிற மாதிரி ஜீப் ஒன்றை அவர் கையில் வைத்தாள். "யோசிக்காதீங்க. எங்கேயாவது பராக்குப் பார்த்துக்கிட்டுப் பண்ணுங்க."

அவர் எங்கேயும் பராக்குப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்தார். சர், டக், டிக்.

காடோடி ஹோலி ஆடிவிட்டு வந்த மாதிரி நின்றது. சிவப்பு பானட்டில், நீலம் கதவில், பச்சை மட்கார்டில். எல்லாம் அவள் வரைந்திருந்தபடியே. திருப்பிப் பார்த்தாள். முதுகில், ஸ்டெப்னியின் நட்டநடுவில், பொட்டு வைத்த மாதிரி மஞ்சள்.

"இது யாரு?" என்றாள்.

"நான் இல்லை."

"மஞ்சள் சார்."

"நான் ஸ்டெப்னியைத் தொடவே மாட்டேன். அது சும்மா அழகுக்கு வெச்சது."

அவள் அவருடைய இடது கையை வெடுக்கென்று பிடித்து, சுண்டு விரலை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். அவர் அதை முதல் முறையாகப் பார்க்கிறவர்போலப் பார்த்தார். பிறகு ஜீப்பை எடுத்து, ஸ்டெப்னியை வேண்டுமென்றே அமுக்கினார். இடுப்பு வெண்ணெய் மாதிரித் திரும்பியது. மெதுவாகவே திரும்பியது.

விஷயம் இவ்வளவுதான்: வார்ப்பில் ஸ்டெப்னியின் தண்டு கொஞ்சம் நீளமாக விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. வரைபடத்தில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. முதல் மாதிரி கைக்கு வந்த நாளே அவர் சுண்டு விரல் அதைக் கண்டுபிடித்துவிட்டது. மற்றவர்களுக்கு, அவர் உட்பட, சொல்லவில்லை.

"உங்க விரலுக்கு உங்களைவிட மூளை அதிகம் சார்" என்றாள். இருவரும் சிரித்து ஓய்ந்தபோதுதான் அவர் கையை இன்னும் தான் விடவில்லை என்பதைக் கவனித்தாள். விட்டாள். அவள் உள்ளங்கை முழுக்க ஐந்து கலர். கழுவப் போகிற வழியில் எதற்கென்று தெரியாமல் இரண்டு தடவை மாடிப்படி ஏறி இறங்கினாள்.

ஸ்டெப்னிக்கு ஒரு குட்டை அம்பு போட்டாள். தாள் முடிந்தது. இனி சோதனைதான் பாக்கி. கம்பெனியில் ஒரு விதி: அந்தப் பொம்மையைக் கண்ணாலேயே பார்த்திராத மூன்று பேர், தாளை மட்டும் பார்த்துச் செய்துகாட்ட வேண்டும். முன்கூட்டி அவர்களுக்கு எதுவும் சொல்லக் கூடாது. செய்யும்போது உதவக் கூடாது. வடிவமைத்தவர் கூட இருந்து பார்க்க வேண்டும், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது.

சனிக்கிழமை காலை ஆபீஸ் காவலரை உட்கார வைத்தார்கள். அவர் பாதியில் திணறியதும், வருஷத்தில் நாலு வார்த்தை பேசுகிற டிக், "ஸ்டெப்னி! ஸ்டெப்னியை அமுக்குங்க!" என்று கத்திவிட்டார். சோதனை செல்லாது. அதற்குள் ஆபீசில் எல்லோரும் வேடிக்கை பார்த்துவிட்டார்கள். பார்க்காத ஆள் ஒருவரும் மிச்சமில்லை.

"திங்கட்கிழமை அச்சுக்குப் போகணும்" என்று மேலாளர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க வீட்டுல மூணு பேர் இருக்காங்க" என்றாள் அம்புக்குறி. "இதைப் பார்த்ததே இல்லை. சார், நீங்களும் வாங்க. ஆனா ஒண்ணு. எங்க வீட்டு வாசல்படி மிதிச்சதுலேருந்து மூணு பேரும் செஞ்சு முடிக்கிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

பண்ணினார்.

அவள் வீட்டுக்குப் போன் போட்டாள். அம்மா எடுத்தாள்.

"அம்மா, மத்தியானம் ஒருத்தரைக் கூட்டிட்டு வர்றேன். நீ, அப்பா, அண்ணி மூணு பேரும் கண்டிப்பா வீட்டுல இருக்கணும்."

அந்தப் பக்கம் டி.வி. சத்தம் சட்டென்று குறைந்தது.

"யாரும்மா அவரு?"

"எங்க ஆபீஸ்தான். என்ன ஏதுன்னு இப்ப சொல்லக் கூடாது. நேர்ல பார்த்துத் தெரிஞ்சுக்குவீங்க. அவரு பேச மாட்டாரு, நீங்களும் எதுவும் கேக்காதீங்க. இயல்பா இருங்க, போதும்."

போனை வைத்தாள். அம்மா வைக்கவில்லை, வெகுநேரம் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

இங்கே அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் யாராவது ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவந்து கூடத்தில் உட்கார வைத்தார்கள். ஒருநாள் அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். இனி இந்த வீட்டில் கல்யாணம் என்ற வார்த்தையே யார் வாயிலிருந்தும் வராது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் திரும்பி வந்தாள். சத்தியத்தை அவர்கள் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கல்யாணம் என்றால்கூட அம்மா, "அவனுக்கு அது வந்துடுச்சாம்" என்பாள். கேட்கிறவர்கள் பாவம், ஏதோ வியாதி என்று நினைத்து விசாரிக்கப் போவார்கள்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு இப்படி ஒரு போன்.

மதியம் அவர்கள் போனபோது ஜன்னல் திரைகள் புதிதாக இருந்தன. அப்பா சவரம் செய்து மோவாயில் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டு, பழைய பஸ் டிரைவர் மிடுக்கோடு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அண்ணி காது நிறையத் தொங்கட்டான் போட்டிருந்தாள். அண்ணன் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தான்; அவனுக்கும் தகவல் பறந்திருந்தது, அம்புக்குறியின் கைப்பையில் போன் அடித்தபடியே இருந்தது. அம்மா மகப்பேறு வார்டில் ஆயுள் முழுக்க நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். எத்தனையோ நெருக்கடியைப் பார்த்தவள். அவள்தான் அன்றைக்கு டீக்குச் சர்க்கரை போட்டோமா என்று இரண்டு தடவை ருசி பார்த்தாள்.

அம்புக்குறி எதையும் கவனிக்கவில்லை. அவள் மனசெல்லாம் பதினான்காம் படத்தில் இருந்தது. அந்த வளைந்த அம்பு போதுமா, இல்லையா.

"வாங்க தம்பி, உக்காருங்க" என்றார் அப்பா.

டிக் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

"வீடு எந்தப் பக்கம்?"

டிக் கையைத் தெற்கே காட்டினார்.

"அப்பா! கேக்காதீங்கன்னு சொன்னேன்ல?"

"தப்புத்தான், தப்புத்தான்."

அம்மா மருமகளைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கிசுகிசுத்தாள். "பேசவே வராதோ?"

"கூச்சம் அத்தை. நல்ல மாதிரியாத்தான் தெரியுது."

"பேசாட்டி என்ன? இந்த வீட்டுல பேசறதுக்கு ஆளா இல்லை" என்று அம்மா தானே முடிவு செய்துகொண்டாள்.

டீயும் பிஸ்கட்டும் வந்தன. டிக் பெட்டியைத் திறந்து காடோடியை மேஜையில் நிறுத்தினார். அம்புக்குறி தாளை விரித்து வைத்தாள்.

"இந்தப் படத்தைப் பார்த்து ஒவ்வொருத்தரா இதை ஜீப்பாக்கணும். அப்புறம் மறுபடி ரோபோவாக்கணும். நாங்க ரெண்டு பேரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம். சும்மா பார்த்துக்கிட்டிருப்போம்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அண்ணி மாமியார் காதில், "இப்பல்லாம் இப்படித்தான் போல அத்தை. குடும்பம் எப்படின்னு தெரிஞ்சுக்க ஏதோ பரீட்சை" என்றாள். அம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

முதலில் அப்பா. மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். வளைவில் தன்னை முந்திக்கொண்டு புழுதி கிளப்பிப் போகிற ஜீப்புகளை ஏக்கத்தோடு பார்த்தே வயதானவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, படத்தையும் பொம்மையையும் மாறி மாறிப் பார்த்து, கையை மடக்கினார், தலையைத் தள்ளினார், இடுப்பைத் திருப்பினார். டிக்! ஜீப் அவர் உள்ளங்கையில் நின்றது.

"அடேயப்பா" என்றார். அதைச் சோபாக் கையில் வைத்துத் தள்ளினார். தலையணை மேல் ஏற்றினார். "ர்ர்ர்" என்று முதலில் மனசுக்குள்ளும் பிறகு வாய்விட்டும் ஓட்டினார். டீபாய் ஓரமாக ஒரு கொண்டை ஊசி வளைவு எடுத்தபோது உடம்பையும் சாய்த்தார்.

"அப்பா, இப்ப ரோபோவாக்கணும்."

"எதுக்கு?"

"சோதனைப்பா."

"நல்லா ஓடிக்கிட்டிருக்கற வண்டியை யாராவது மனுஷனா மாத்துவாங்களா? மனுஷனை வெச்சு என்ன பண்றது? பேசுவான், கடன் கேப்பான்." ஜீப்பை மார்போடு அணைத்துக்கொண்டார். டிக் உதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"விடுங்க, என்கிட்ட குடுங்க" என்று அம்மா அதைப் பறித்தாள். மேஜையில் ஜீப்பை மல்லாக்கப் போட்டாள். தாளை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தாள். அவ்வளவுதான், அம்மா ஆளே மாறிவிட்டாள். முதுகு நிமிர்ந்தது, படபடப்பு நின்றது, குரலில் வார்டு வந்தது.

"நீ வெளிச்சத்தைப் பிடி" என்றாள் மருமகளிடம். "நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்" என்றாள் கணவரிடம்.

அண்ணி போன் வெளிச்சத்தைப் பிடித்தாள். அம்மா பானட்டை இரண்டு விரலால் விலக்கினாள்.

"தலை தெரியுது" என்றாள்.

அப்பா எழுந்து கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடக்க ஆரம்பித்தார். பிள்ளைகள் பிறந்தபோது வார்டு வாசலில் நடந்த பழக்கமா, பாசமா தெரியாது.

"மெதுவா வா கண்ணு. அவசரமே இல்லை. தோள் வரட்டும். ஒரு தோள்... சரி. இன்னொண்ணு... சமர்த்து." இடுப்பில் கை வைத்தாள். திருப்பினாள். வரவில்லை. "இடுப்பு மாட்டிக்கிட்டு இருக்கு" என்றாள், துளியும் பதறாமல்.

டிக்கின் வாய் தன்னால் திறந்தது. அம்புக்குறி மேஜைக்கு அடியில் அவர் காலை நறுக்கென்று மிதித்தாள். வாய் மூடிக்கொண்டது. அவர் இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தார். இடது சுண்டு விரல் மட்டும் நாற்காலிக் கையை அமுக்கி அமுக்கி எடுத்துக்கொண்டிருந்தது.

"அடுத்த படத்துல என்ன இருக்கு?" என்றாள் அம்மா.

"பின்னாடி டயர்ல ஒரு அம்பு அத்தை. குட்டையா, தடியா."

"குட்டைன்னா அமுக்கச் சொல்றான்." அம்மா விரலை முதுகுக்கு அடியில் கொடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். "இதோ இருக்கு. ம்... இப்ப வா."

சர், டக். கால்கள் இரண்டும் சேர்ந்தாற்போல வெளியே வந்தன. டிக்!

அம்மா காடோடியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள். பழக்கதோஷத்தில் முதுகில் இரண்டு தட்டும் தட்டினாள்.

"அழலையே" என்றார் அப்பா கவலையோடு.

கூடமே வெடித்துச் சிரித்தது. அண்ணி சுவரில் சாய்ந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்புக்குறி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேஜை மேல் கவிழ்ந்தாள். டிக் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு, கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய ஆடிக்கொண்டிருந்தார்.

இந்த அமளியில் அண்ணி தரையில் உட்கார்ந்தபடியே காடோடியை வாங்கி, தாளை ஒரு கண்ணால் பார்த்து, ஜீப்பாக்கி, ரோபோவாக்கி, "இவ்வளவுதானா?" என்று மேஜையில் வைத்துவிட்டாள். அப்பாவும் அதை மறுபடி ஜீப்பாக்கி ஓட்டிவிட்டு, கெஞ்சலுக்கு இணங்கி, ஒரு பெருமூச்சோடு தன் ஜீப்பை மனுஷனாக்கினார். மூன்று பேரும் தேறிவிட்டார்கள். அந்தத் தாள் ஒரு கோடுகூட மாறாமல் திங்கட்கிழமை அச்சுக்குப் போனது. அதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் யாருக்கும் தாளின் ஞாபகமே இல்லை.

"அவ்வளவுதான் சார். இனிமே நீங்க பேசலாம்" என்றாள் அம்புக்குறி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

டிக் கைக்குட்டையை எடுத்தார். தொண்டையைச் சரிசெய்தார். அவர் என்ன சொல்ல வந்தாரோ, அம்மா முந்திக்கொண்டாள்.

"தம்பி, நாங்க பாஸ்தானே? இப்ப நீங்க சொல்லுங்க. எங்க பொண்ணைப் பிடிச்சிருக்கா?"

அம்புக்குறியின் முகத்தில் ரத்தம் குப்பென்று ஏறியது. புதுத் திரை, அண்ணியின் தொங்கட்டான், அப்பாவின் மோவாய் வெட்டு எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணில் பட்டன. "அம்மா! ஐயோ! இவரு ஆபீஸ் வேலைக்காக வந்திருக்காரு! பொம்மைக்காக! நீங்க என்ன நினைச்சீங்க..."

"பிடிச்சிருக்கு" என்றார் டிக்.

அண்ணி தரையிலிருந்து எழுந்துகொண்டாள்.

"நான் வேலைக்காகத்தான் வந்தேன்" என்று அவர் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. "இப்படிக் கேப்பீங்கன்னு எனக்குத் தெரியாது. ஆனா கேட்டுட்டீங்க. இல்லைன்னு சொன்னா அது பொய். பதினைஞ்சு நாளா மத்தியானம் எப்ப வரும்னு மாடியில உக்காந்து கடிகாரத்தையே பார்த்துக்கிட்டிருக்கேன்."

"சத்தியம் பண்ணியிருந்தீங்களே!" என்று அம்புக்குறி அம்மா பக்கம் திரும்பினாள்.

"நான் அந்த வார்த்தையைச் சொன்னேனா? சொன்னேனாடி?" என்றாள் அம்மா மருமகளிடம்.

"சொல்லலை அத்தை. பிடிச்சிருக்கான்னுதான் கேட்டீங்க."

"இங்கே யாராவது என்னைக் கேட்டீங்களா?" என்றாள் அம்புக்குறி.

மூன்று தலையும் அவள் பக்கம் திரும்பின. கேட்கவில்லைதான். அப்பா வாயைத் திறந்தார். அண்ணி அவர் கையில் ஒரு பிஸ்கட்டைத் திணித்தாள்.

"மாமா, நீங்க ஜீப்பை ஓட்டுங்க."

"மேடம், நான் கிளம்பறேன்" என்று டிக் எழுந்தார். பெட்டியை எடுக்கவில்லை, காடோடியை எடுக்கவில்லை, செருப்பைக்கூட இடது வலது மாற்றிப் போட்டுக்கொண்டு படியிறங்கினார். அம்புக்குறி ஒரு கணம் நின்றாள். பிறகு வீட்டுக்குள் போடுகிற ரப்பர் செருப்போடு பின்னாலேயே ஓடினாள். மூன்று முகங்கள் திரைக்குப் பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டன.

தெருமுனையில் பிடித்துவிட்டாள். வெயில் சாய்ந்து சுவர்களெல்லாம் ஆரஞ்சு நிறமாக இருந்தன. கொஞ்ச தூரம் சேர்ந்து நடந்தார்கள்.

"செருப்பை மாத்திப் போட்டிருக்கீங்க."

"தெரியும். அங்கே குனிஞ்சா அழுதுடுவேனோன்னு பயம்."

நின்று மாற்றிப் போட்டுக்கொண்டார். அதன் பிறகு அந்த மனிதர் பேச ஆரம்பித்தார் பாருங்கள், அணை உடைந்த மாதிரி. தான் ஏன் பேசுவதில்லை, சின்ன வயதில் திக்கும், இப்போது திக்காது ஆனால் திக்குமோ என்று பயம், அவளிடம் மட்டும் அந்தப் பயம் வருவதில்லை, மேஜைக்கு அடியில் பென்சில் பொறுக்கியபோது வெளியே வரவே மனசில்லாமல் ஒரே பென்சிலை மூன்று தடவை பொறுக்கியது, எல்லாவற்றையும் கொட்டினார். பஸ் ஸ்டாப் வந்தது, போனது. இருவரும் நிற்கவில்லை.

"நான் யாரும் வேண்டாம்னு சொன்னதில்லை" என்றாள் அவள். "வரிசையா உக்கார வெச்சுக் கேக்கறாங்க பாருங்க, அதுதான் எனக்கு ஆகாது. பதில் சொல்ற வரைக்கும் டீ ஆறாம இருக்குமான்னே பார்த்துக்கிட்டிருப்பாங்க."

"அப்ப எப்படிக் கேக்கணும்?"

"தெரியலை. இந்த மாதிரி நடந்துக்கிட்டே கேட்டா பரவாயில்லையோ என்னவோ."

"கேக்கட்டுமா?"

"சரி."

அவர் நாலு எட்டு வைத்துவிட்டு நின்றார். "சரின்னா, கேக்கறதுக்குச் சரியா? இல்லை..."

"ரெண்டுக்கும்" என்றாள்.

அதற்குள் அடுத்த ஸ்டாப் வந்திருந்தது; அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் வந்து நின்றது. அவர் என்ன செய்வது என்று தெரியாமல், பஸ் வந்தால் ஏற வேண்டும் என்ற பழக்கத்தில் ஏறிவிட்டார். ஏறிய பிறகு திரும்பிப் பார்த்தார். அவளும் பின்னால் ஏறிக்கொண்டிருந்தாள்.

"எங்கே போகணும்?" என்றார் கண்டக்டர்.

அவர் அவளைப் பார்த்தார். அவளுக்கும் தெரியவில்லை. பர்ஸும் இல்லை, போனும் இல்லை, ரப்பர் செருப்பு.

"இந்த பஸ் எதுவரைக்கும் போகுது?" என்று கேட்டாள்.

"கடைசி ஸ்டாப், ஆத்துப் பாலம்."

"அதுக்கே ரெண்டு குடுங்க" என்றார் அவர். திக்கவில்லை. ஜன்னலோர சீட் காலியாக இருந்தது. அவளை உள்ளே போகச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது. காற்று சில்லென்று முகத்தில் அடித்தது.